இரத்தம் போகும் நோயில் இரத்தம் உறையும் ஆபத்து: குடல் அழற்சிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எனக்கு இருப்பது பெருங்குடல் புண் அழற்சி என்று வைத்தியர் சொன்ன நாளில், வீட்டில் எல்லோரும் இரத்தம் போவதைப் பற்றித்தான் பேசினார்கள். எவ்வளவு போகிறது, ஹீமோகுளோபின் எத்தனை, இரத்தம் ஏற்ற வேண்டி வருமா என்று கேட்டார்கள். அந்த இரத்தம் உடம்புக்குள் உறைந்துவிடவும் கூடும் என்று யாரும் நினைக்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. போய்க்கொண்டிருக்கிற இரத்தம் எப்படி உறையும்?

இரண்டு வருடங்களுக்குப் பிறகு, கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த ஓர் ஆடி மாதத்தில், நோய் மறுபடியும் தலைதூக்கியது. ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு தடவை கழிவறைக்குப் போய்வந்தேன். மற்ற நேரமெல்லாம் பாயில் கிடந்தேன். தண்ணீர் குடித்தால் இன்னும் போகும் என்று பயந்து அதையும் குறைத்துக்கொண்டேன். நான்காம் நாள் இடது கெண்டைக்கால் இறுகி வலித்தது. சுளுக்கு என்று மாமி எண்ணெயைச் சூடாக்கி உருவிவிட்டார். காட்டப் போன ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் தசைப்பிடிப்பு என்று நோவுக் குளிசை தந்தார்கள். குடல் நோயைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் கிணற்றடியில் வாளியைத் தூக்கும்போது மூச்சு முட்டியது. காலில் உறைந்திருந்த கட்டியின் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போய்விட்டது என்பது வைத்தியசாலையில் தெரியவந்தது.

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்களுக்கும், அவர்களை வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் வைத்தியர் தீர்மானிப்பார். அவரிடம் எதைக் கேட்பது, எப்போது காத்திருக்காமல் ஓடுவது என்ற இரண்டும் உங்கள் கையில் இருக்கின்றன.

இந்த ஆபத்து எங்கிருந்து வருகிறது

குடல் அழற்சி நோய் என்று நான் சொல்வது பெருங்குடல் புண் அழற்சியையும், குடலின் எந்தப் பகுதியிலும் வரக்கூடிய குரோன் நோயையும். மூலத்தால் இரத்தம் போகிறவர்களையும், பரீட்சை நேரத்தில் வயிறு குழம்புகிறவர்களையும் பற்றி இங்கே பேசவில்லை.

குடலில் அழற்சி எரியும்போது அதன் சூடு குடலோடு நின்றுவிடுவதில்லை. காயம் பட்டிருக்கிறது, அடைக்க வேண்டும் என்று உடம்பு நினைத்துக்கொள்கிறது. இரத்தத்தைக் கட்டியாக்க உதவும் குருதிச் சிறுதட்டுகள் பெருகுகின்றன. இரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜன் போன்ற புரதங்கள் கூடுகின்றன. உறைந்ததைக் கரைக்கும் இயற்கையான வேலை மந்தமாகிறது. இதோடு வயிற்றோட்டத்தால் உடம்பு வற்றுகிறது; படுத்தே கிடப்பதால் கால் நாளங்களில் இரத்த ஓட்டம் தேங்குகிறது. ஆகவே இரத்தம் வெளியே போகும் அதே நாட்களில்தான் உள்ளே உறைவதற்கான ஆயத்தமும் உச்சத்தில் இருக்கிறது. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் கீழே சொல்லும் படிகள் எல்லாம் தாமாகவே விளங்கும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பார்கன், பார்க்கர் என்ற இரு வைத்தியர்கள் 1936இலேயே இதை எழுதிவைத்தார்கள். மற்றவர்களோடு ஒப்பிடும்போது குடல் அழற்சி நோயாளருக்கு நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ 2 முதல் 3 மடங்கு அதிகம். நோய் தலைதூக்கியிருக்கும் காலத்தில் அது ஏறக்குறைய 8 மடங்காகிறது என்று 2010இல் லான்செட் இதழில் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது. மடங்குக் கணக்கைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். நோயாளரில் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒரு தடவைகூட இப்படி நேர்வதில்லை. நேர்கிறவர்களுக்குக் காலம் தாழ்ந்தால் உயிருக்கே ஆபத்து.

படி 1: உங்கள் சொந்தக் கணக்கை எடுத்துப் பாருங்கள்

நோய் அடங்கியிருக்கும் ஒரு நல்ல நாளில் உட்கார்ந்து, உங்களிடம் வேறு என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். முன்பு எப்போதாவது காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்திருக்கிறதா? தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது இருந்ததா? பெருங்குடலில் நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது? பிரெட்னிசலோன் (அழற்சியை அடக்கும் ஸ்டீரொயிட் குளிசை) குடிக்கிறீர்களா? புகைப்பழக்கம், அதிக உடல் எடை, அண்மையில் நடந்த சத்திரசிகிச்சை, கழுத்திலோ கையிலோ நீண்ட நாள் போட்ட சேலைன் குழாய் எல்லாமே கணக்கில் சேரும்.

பிரெட்னிசலோன் ஆபத்தைக் கூட்டும் என்று வாசித்ததும் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அந்தக் குளிசையைத் திடீரென நிறுத்துவது தனியான ஓர் ஆபத்து. அதைக் குறைக்கும் வேகத்தை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். அழற்சியை அடக்கி வைப்பதே இரத்தம் உறைவதற்கு எதிரான முதல் மருந்து என்பதால், நன்றாக இருக்கிறது என்று நினைத்து வழக்கமான குளிசைகளைக் கைவிடுவதும் இதே குழியில்தான் கொண்டுபோய் விடும். டோஃபாசிடினிப் என்ற மருந்தைத் தொடங்கச் சொன்னால், இரத்தம் உறைவது பற்றி அவசியம் கேளுங்கள். அதன் கூடிய அளவுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2019இல் கடுமையான எச்சரிக்கை விடுத்தது.

பெண்களுக்குச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிக் குடல் வைத்தியரிடம் பேசுவதற்கு வெட்கப்படுகிறோம்; குடும்பநல உத்தியோகத்தரிடம் குடல் நோயைப் பற்றிச் சொல்வதற்குத் தேவையில்லை என்று நினைக்கிறோம். இரண்டு பேருக்கும் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். ஈஸ்ட்ரஜன் கலந்த கருத்தடைக் குளிசைகள் இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. குடல் அழற்சி உள்ளவர், அதுவும் நோய் அடங்காதவர், அவற்றைத் தாமாக வாங்கிக் குடிக்கக் கூடாது. மாதக்கணக்கில் வேலை செய்யும் ஊசிக்கும் முன்பாகக் கேளுங்கள். கருப்பைக்குள் வைக்கும் செப்பு லூப்பில் ஹோர்மோன் இல்லை, ஆகவே அது இந்த வாய்ப்பைக் கூட்டாது.

கர்ப்ப காலத்திலும், குழந்தை பிறந்த பின் வரும் 6 வாரங்களிலும் எந்தப் பெண்ணுக்கும் இரத்தம் உறையும் வாய்ப்புக் கூடுதல். குடல் அழற்சி உள்ளவருக்கு அது இன்னும் கூடும். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு பத்தியம் என்று தண்ணீரைக் குறைத்து, எழும்பவிடாமல் படுக்க வைக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அன்பினால் செய்வதுதான். ஆனாலும் இந்த நோய் உள்ள தாய்க்கு அது கேடு. அம்மாவிடமும் மாமியிடமும் முன்கூட்டியே இதைப் பேசி வைத்துவிடுங்கள்; வலி தொடங்கிய பிறகு பேச நேரமிருக்காது.

படி 2: நோய் தலைதூக்கும் நாட்களில் வீட்டில்

தண்ணீர் குடியுங்கள். நான் செய்த தவறு இதில்தான் தொடங்கியது. ஒவ்வொரு தடவை போய்வந்த பிறகும் ஒரு கோப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜீவனிப் பொட்டலம் (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்பு, சர்க்கரைத் தூள்) ஒன்றை, அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். செவ்விளநீரும் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரும் நல்லவை. சிறுநீர் கடுமஞ்சளாகப் போனால் போதவில்லை என்று அர்த்தம். கச்சான் காலத்தில் வியர்ப்பது தெரியாமலே உடம்பு வற்றும். அந்த மாதங்களில் இரட்டிப்புக் கவனம் தேவை.

நோன்பு காலத்தில் நோய் தலைதூக்கினால், நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையை எடுத்துக்கொள்ளுங்கள். கந்தசஷ்டி விரதம் பிடிப்பவர்களுக்கும், உகந்தையிலிருந்து காட்டுவழியே கதிர்காமத்துக்கு நடக்க நேர்த்தி வைத்தவர்களுக்கும் அதையே சொல்வேன். முருகன் அடுத்த வருடமும் அங்கேதான் இருப்பான்.

களைப்பு இழுத்துப் போடும். ஆனாலும் மணிக்கொரு தடவை எழும்பி விறாந்தையில் நாலடி நடந்துவிட்டு வாருங்கள். எழும்பவே முடியாவிட்டால் படுத்தபடியே பாதத்தை முகத்துப் பக்கம் இழுத்துப் பின் கீழே அழுத்துங்கள், இருபது தடவை. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் காலிலுள்ள இரத்தம் மேலே தள்ளப்படுகிறது.

கொழும்புக்குக் காட்டப் போகிறவர்கள் பலர். பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை என்று 300 கிலோமீற்றருக்கு மேல் முழங்காலை மடக்கியே இருக்க வேண்டிய இரவு பஸ் பயணம் இந்த நோய்க்கு நல்லதல்ல. கழிவறை இருப்பதாலும், எழும்பி நடக்க முடிவதாலும் புகையிரதமே மேல். பஸ்தான் என்றால் நடைபாதைப் பக்கத்து இருக்கையை எடுத்து, நிறுத்துமிடங்களில் எல்லாம் இறங்கி நடக்க வேண்டும். வழியில் கழிவறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் போகும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதைத்தான் முதலில் விட வேண்டும். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் பறக்கிறவர்கள், நோய் அடங்காமல் இருந்தால் பயணத்துக்கு முன்பாகவே வைத்தியரோடு பேசிவிடுங்கள்.

நோவுக்கு டைக்ளோபினாக், ஐபுபுரோபன் போன்றவற்றைக் கடையில் வாங்கிக் குடிக்காதீர்கள். அவை குடலைக் கிளறிவிடக்கூடும். பரசிற்றமோல் போதும். அஸ்பிரின் குடித்தால் இரத்தம் உறையாது என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். இந்த வகை உறைவுக்கு வைத்தியசாலையில் போடும் ஊசியின் இடத்தை அது பிடிக்காது.

படி 3: வார்ட்டில் சேர்க்கப்பட்டால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

"டொக்டர், இரத்தம் உறையாமல் இருக்க எனக்கு ஊசி தேவையா?"

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்கலாம். கேட்பதால் யாரையும் அவமதித்ததாக ஆகாது. நோய் தலைதூக்கி வைத்தியசாலையில் சேரும் குடல் அழற்சி நோயாளருக்கு உறைதடுப்பு மருந்து கொடுக்க வேண்டும் என்று கனடாவின் குடல் மருத்துவச் சங்கம் 2014இல் வழிகாட்டியது. ஐரோப்பிய வழிகாட்டிகளும் அதையே சொல்கின்றன. வழக்கமாகக் கொடுப்பது ஹெப்பரின் குடும்பத்தைச் சேர்ந்த இனொக்சபரின் போன்ற ஊசி. வயிற்றுத் தோலுக்குக் கீழே, பெரும்பாலும் நாளுக்கு ஒன்று. ஊசி போட்ட இடத்தில் நீலமாகக் கண்டினால் பயப்பட வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம்.

"இரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது இதைப் போட்டால் இன்னும் போகாதா?" என்று நோயாளியின் அம்மா கேட்பார். நியாயமான கேள்வி. 1990களில் பெருங்குடல் புண் அழற்சிக்கு ஹெப்பரினையே சிகிச்சையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் அதனால் குணமாகவில்லை. ஆனால் இரத்தப்போக்கும் பெரிதாகக் கூடவில்லை. இரத்த அழுத்தம் விழும் அளவுக்குக் கடுமையாக இரத்தம் போகிறவர்களுக்கு வைத்தியர்கள் ஊசியை நிறுத்திவைத்து, காலை அழுத்திக்கொடுக்கும் வேறு முறைகளைப் பார்ப்பார்கள். வழக்கமான அளவில் இரத்தம் போவதைக் காட்டி இந்த ஊசியை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். உறவுக்காரர்கள் அப்படிச் சொல்லித் தடுத்த கதைகளைக் கேட்டிருக்கிறேன், மனது கனத்துப்போகும்.

கல்முனை, அக்கரைப்பற்று, காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்து முஸ்லிம் வாசகர்களுக்கு ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுவது மரியாதை. ஹெப்பரினும் இனொக்சபரினும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படும் மூலப்பொருளிலிருந்து தயாராகின்றவை. வேறு வழியில்லாத உயிராபத்தில் இது அனுமதிக்கப்பட்டது என்று மார்க்க அறிஞர்கள் பலர் விளக்கியிருக்கிறார்கள். செயற்கையாகத் தயாரிக்கப்படும் ஃபொண்டாபரினக்ஸ் என்ற ஊசியும் இருக்கிறது. அது கிடைக்குமா, உங்கள் சிறுநீரகத்துக்கு ஒத்துவருமா என்பதை வைத்தியரிடம் கேளுங்கள். மனச்சங்கடம் இருந்தால் அதைச் சேர்ந்த அன்றே வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் ஊசியை மறுப்பதுதான் ஆபத்து.

வீட்டுக்கு அனுப்பும்போது இன்னொரு கேள்வி: ஊசியை நிறுத்துவதா, தொடர்வதா? வயிற்றுச் சத்திரசிகிச்சை முடிந்தவர்களுக்குச் சில வாரங்கள் தொடரச் சொல்வதுண்டு. பெருங்குடலை முழுக்க எடுத்துவிட்டாலும் இந்த ஆபத்து அன்றே தீர்ந்துவிடுவதில்லை.

படி 4: அடையாளங்கள்

கால்: ஒரு கால் மட்டும் வீங்கும். கெண்டைக்காலிலோ தொடையிலோ வலி, சூடு, நிற மாற்றம் இருக்கும். இடது காலில் வருவது அதிகம். அந்தப் பக்கத்துப் பெரிய நாளத்தின் மேல் வலப்பக்கத் தமனி குறுக்கே அழுத்திக்கொண்டு போவது அதற்கு ஒரு காரணம். சந்தேகமாக இருந்தால் தையல்காரரின் அளவு நாடாவால் இரண்டு கெண்டைக்கால்களையும் முழங்காலுக்குக் கீழே ஒரே உயரத்தில் அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 சென்ரிமீற்றருக்கு மேல் இருந்தால் வைத்தியர்களும் அதை முக்கிய அடையாளமாக எடுக்கிறார்கள். அளவு குறைவாக இருக்கிறது என்று வலியைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடவும் கூடாது.

நெஞ்சு: திடீர் மூச்சு முட்டல், ஆழமாக மூச்செடுக்கும்போது குத்தும் வலி, காரணமில்லாத படபடப்பு, இருமலில் இரத்தம், மயக்கம்.

தலை: இதுவரை அறியாத கடுமையான தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், ஒரு பக்கம் மரத்துப்போதல், வலிப்பு. மூளையின் நாளங்களிலும் உறைவு ஏற்படலாம்; இளம் வயதினருக்கும் வரும்.

வயிற்று நாளங்களில் உறைந்தால் கண்டுபிடிப்பது கடினம், ஏனென்றால் நமக்கு எப்போதும் வயிறு வலிக்கிறது. "இது என் வழக்கமான வலி இல்லை" என்று உங்களுக்குத் தோன்றினால் அதே வார்த்தைகளில் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

படி 5: அடையாளம் தெரிந்தால்

எண்ணெய் தேய்க்காதீர்கள். உருவாதீர்கள். சுளுக்கு எடுப்பவரிடம் கொண்டுபோகாதீர்கள். காலில் உறைந்திருக்கும் கட்டியை அழுத்தி உருவினால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போகக்கூடும். என் மாமி இன்றும் அதை நினைத்து அழுவார். அவர் மேல் எந்தப் பிழையும் இல்லை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கால் மட்டும் என்றால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்கக் கூடாது. மூச்சு, நெஞ்சு, தலை என்றால் உடனே 1990 என்ற எண்ணில் இலவச அம்புலன்ஸை அழையுங்கள். முச்சக்கரவண்டியில் ஏற்றி ஊர் ஊராக அலைய வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, அம்பாறைப் பொது வைத்தியசாலை, களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகள் என்று நம் பக்கத்தில் அரச வைத்தியசாலைகள் இருக்கின்றன. கிட்ட உள்ளதற்குப் போங்கள். பெரிய இடத்துக்கு மாற்ற வேண்டுமானால் அவர்கள் மாற்றுவார்கள்.

வாசலில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "எனக்குக் குடல் அழற்சி நோய் இருக்கிறது, இப்போது கூடியிருக்கிறது, ஒரு கால் வீங்கியிருக்கிறது." இதைக் கேட்காமல் பார்க்கிறவருக்கு அது சாதாரணத் தசைப்பிடிப்பாகத் தெரிவது இயல்புதான். காலுக்கு டொப்ளர் ஸ்கேன், நெஞ்சுக்குச் சாயம் ஏற்றி எடுக்கும் சி.ரி. ஸ்கேன் என்று பரிசோதனைகள் நடக்கும். உறைவு இருக்கிறதா என்று தேட உதவும் டி-டைமர் என்ற இரத்தப் பரிசோதனை, குடல் அழற்சி கூடியிருக்கும்போது உறைவு இல்லாமலே உயர்ந்து காட்டும். ஆகவே அந்த ஓர் எண்ணை வைத்துத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

படி 6: உறைவு வந்துவிட்ட பிறகு

குறைந்தது 3 மாதங்கள் உறைதடுப்பு மருந்து எடுக்க வேண்டியிருக்கும். நோய் அடங்காதவர்களுக்கு அது நீளலாம். வோபரின் என்ற உறைதடுப்புக் குளிசை என்றால், இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு ஒழுங்காகப் போய், வழக்கமாக 2க்கும் 3க்கும் இடையில் அதை வைத்திருக்க வேண்டும். கீரையே சாப்பிடக் கூடாது என்று பயமுறுத்துவார்கள், அப்படி இல்லை. முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரையில் உள்ள வைட்டமின் கே வோபரினுக்கு எதிராக வேலை செய்வது உண்மை. வாரம் முழுக்க ஒரே அளவில் சாப்பிட்டால் மருந்தின் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் தினமும் கீரைச் சுண்டல், அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்பதுதான் குழப்பம் தரும். ரிவரொக்சபான் போன்ற புதிய குளிசைகளுக்கு ஐ.என்.ஆர். தேவையில்லை. ஆனால் ரிவரொக்சபானின் 15, 20 மில்லிகிராம் குளிசைகளைச் சாப்பாட்டோடு குடிக்க வேண்டும். சிறுகுடலின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்கள் அதை வைத்தியருக்கு நினைவூட்டுங்கள். குளிசை உடம்பில் சேர்வது மாறலாம்.

நாட்டு மருந்து, கசாயம் எதையும் கேட்காமல் சேர்க்காதீர்கள். மலம் தார் போலக் கறுத்தால், சிறுநீரில் இரத்தம் தெரிந்தால், தலையில் அடிபட்டால் உடனே காட்ட வேண்டும். இந்த மருந்துகளோடு இருக்கும்போது கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் முன்னதாகவே சொல்லுங்கள். வோபரின் கருவுக்குத் தீங்கு செய்யும். அதற்குப் பதிலாக ஊசிக்கு மாற்றுவார்கள்.

படி 7: கிளினிக் கொப்பியின் முதல் பக்கம்

இன்று இரவே செய்யக்கூடியது இது. கொப்பியின் முன் அட்டைக்கு உட்பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, நோயின் பெயர், கண்டறிந்த வருடம், இப்போது குடிக்கும் குளிசைகளும் அளவுகளும், ஒவ்வாத மருந்துகள், முன்பு இரத்தம் உறைந்திருக்கிறதா இல்லையா என்பது, வீட்டில் ஒருவரின் தொலைபேசி எண் ஆகியவற்றைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். அடியில் இந்த ஒரு வரியையும் சேருங்கள்: "எனக்கு இரத்தம் உறையும் ஆபத்துக் கூடுதல். கால் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ தயவுசெய்து உடனே பாருங்கள்." சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு அதற்குக் கீழே சிங்களத்திலும் எழுதுவித்துக்கொள்ளுங்கள். அம்பாறை நகரிலோ கொழும்பிலோ நீங்கள் மயங்கி விழுந்தால் உங்களுக்காகப் பேசப்போவது அந்தத் தாள்தான். அதைத் தொலைபேசியில் படமெடுத்து வீட்டில் உள்ள எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, கொப்பியை அலுமாரிக்குள் பூட்டாமல், எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் வையுங்கள்.